‘ஜோஜோ ராபிட்’: படம் பார்த்தவர்களும் பார்க்கப்போகிறவர்களும் கேட்கும் கேள்விகள்

2019இல் வந்த ‘ஜோஜோ ராபிட்’ படத்தை யாரிடம் சொன்னாலும் முதலில் ஒரு முகச்சுளிப்பு. “ஹிட்லரை வைத்துக் காமெடியா?” பார்த்து முடித்தவர்களிடமிருந்து வேறு கேள்விகள் வரும். திரும்பத் திரும்ப என்னிடம் வந்த கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். கதையின் திருப்பங்களை எல்லாம் உடைத்துத்தான் பேசியிருக்கிறேன். படம் பார்க்காதவர்கள் முதல் நான்கு கேள்விகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

முதலில், கதை என்ன?

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டம். ஜெர்மனியில் ஃபால்கன்ஹைம் என்று ஒரு சின்ன ஊர் (கற்பனை ஊர், வரைபடத்தில் தேட வேண்டாம்). பத்து வயது ஜோஹன்னஸ் பெட்ஸ்லரை வீட்டில் ஜோஜோ என்று கூப்பிடுவார்கள். போருக்குப் போன அப்பாவிடமிருந்து தகவல் இல்லை. அக்கா காய்ச்சலில் போய்விட்டாள். வீட்டில் அம்மா ரோஸியும் இவனும்தான். பையனுக்கு நாஜிக் கட்சி என்றால் உயிர். அவனுக்கு ஒரு கற்பனைத் தோழன் உண்டு. அந்தத் தோழன் அடால்ஃப் ஹிட்லர்.

ஒரு நாள் அக்காவின் அறைச் சுவருக்குப் பின்னால் ஒரு பெண் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்கிறான். பெயர் எல்சா. யூதப் பெண். ஒளித்து வைத்தது அவன் அம்மாவேதான். காட்டிக் கொடுத்தால் அம்மாவுக்கும் சேர்த்துத் தூக்கு. சொல்லாமல் இருந்தால் தன் கட்சிக்குத் துரோகம். இந்த இக்கட்டில் மாட்டிய பத்து வயதுப் பையனின் கதை இது.

உண்மைக் கதையா?

இல்லை. கிறிஸ்டின் லூனென்ஸ் எழுதிய ‘கேஜிங் ஸ்கைஸ்’ என்ற நாவலிலிருந்து எடுத்தது. நாவலும் கற்பனைதான். ஆனால் சுற்றியிருக்கும் விஷயங்கள் நடந்தவை: பத்து வயதுப் பிள்ளைகளுக்குக் கத்தி கொடுத்தது, யூதர்களைக் கோரமாகப் படம் போட்டுப் பாடம் நடத்தியது, கடைசி மாதங்களில் சிறுவர்கள் கையில் டாங்கி எதிர்ப்பு ஆயுதம் கொடுத்தது.

எழுதி இயக்கியவர் யார்? ஹிட்லராக நடித்தவர் யார்?

இரண்டும் ஒரே ஆள். நியூசிலாந்துக்காரர் டைக்கா வைட்டிட்டி. அப்பா மாவோரி இனம், அம்மா வழியில் யூதப் பரம்பரை. நாஜிகளின் இனக் கணக்கில் இரண்டு பக்கமும் தேறாத ஒருவர் ஹிட்லர் மீசையை ஒட்டிக்கொண்டு நிற்கிறார். படத்தின் முதல் நையாண்டி அங்கேயே முடிந்துவிட்டது என்று நான் சொல்வேன்.

ஜோஜோவாக ரோமன் க்ரிஃபின் டேவிஸ். அவனுக்கு இதுதான் முதல் படம். அம்மா ரோஸியாக ஸ்கார்லெட் ஜோஹான்சன், எல்சாவாக தாமசின் மெக்கென்சி, சிறுவர் முகாமை நடத்தும் கேப்டன் கிளென்ஸென்டார்ஃப் ஆக சாம் ராக்வெல், நண்பன் யார்க்கியாக ஆர்ச்சி யேட்ஸ்.

சிரிக்க வேண்டுமா, அழ வேண்டுமா?

முதல் பாதியில் சிரித்ததற்கு இரண்டாம் பாதி வட்டியோடு வசூலிக்கும்.

அந்த ஹிட்லர் ஏன் இவ்வளவு கோமாளியாக இருக்கிறார்?

நிறையப் பேர் இடறி விழும் இடம் இதுதான். திரையில் நாம் பார்ப்பது ஹிட்லர் இல்லை. ஜோஜோ தலைக்குள் இருக்கும் ஹிட்லர். பத்து வயதுப் பையனுக்குத் தெரிந்தது மட்டும்தான் அவருக்கும் தெரியும். அதனால்தான் வீட்டில் நல்ல சாப்பாட்டுக்கே பஞ்சமான காலத்தில் அவர் யூனிகார்ன் என்ற கற்பனை ஒற்றைக்கொம்புக் குதிரையின் தலையைச் சமைத்துச் சாப்பிடுகிறார். எதற்கெடுத்தாலும் பத்து வயதுப் பையனிடம் சிகரெட்டை நீட்டுகிறார். பெரியவர்கள் அப்படித்தானே ஒருவரையொருவர் உபசரிக்கிறார்கள், அதைப் பையன் பார்த்திருக்கிறான். பேச்சில் உலக அரசியல் எதுவும் கிடையாது. “உன்னால் முடியும்டா” என்று தட்டிக் கொடுக்கிறார், அவ்வளவுதான். அப்பா இல்லாத வீட்டில் அந்தத் தட்டலுக்காகத்தான் ஜோஜோ அவரை உருவாக்கி வைத்திருக்கிறான்.

வைட்டிட்டி இந்தப் பாத்திரத்துக்காக ஹிட்லரைப் பற்றி ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அது சோம்பேறித்தனம் இல்லை. அச்சு அசலாக நடித்திருந்தால் படமே கெட்டிருக்கும்.

இரண்டாவது முறை பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எல்சாவோடு ஜோஜோ பழகப் பழக, அந்தக் கோமாளியின் முகம் மாறுகிறது. குரல் உயர்கிறது, கை ஆட்டம் கூடுகிறது, பழைய செய்திப்படங்களில் பார்த்த அந்தக் கூச்சல் மெல்ல மெல்ல உள்ளே வருகிறது. பையன் கேள்வி கேட்காதவரை அன்பாக இருந்த தோழன், கேள்வி கேட்டதும் மேடை ஏறிவிடுகிறான். கடைசியில் தலையில் துப்பாக்கிக் காயத்தோடு வந்து நிற்கும்போது ஜோஜோ அவரை ஓர் உதை விட்டு ஜன்னல் வழியாக அனுப்பி வைக்கிறான்.

நம் பக்கத்துப் பார்வையாளர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கண்டிப்பான தலைமையாசிரியருக்கும் கோபக்கார அப்பாவுக்கும் ‘ஹிட்லர்’ என்று பட்டப்பெயர் வைத்துப் பழகியவர்கள் நாம். அந்தப் பெயர் நம் வாயில் ஏற்கெனவே பாதி வேடிக்கையாகிவிட்டது. அதனால் ஓர் ஐரோப்பியருக்குத் தொடக்கக் காட்சிகளில் வரும் கூச்சம் நமக்கு வருவதில்லை. நாம் ரொம்பச் சுலபமாகச் சிரித்துவிடுகிறோம். நானும்தான்.

பத்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு வெறி நிஜத்தில் இருந்திருக்குமா?

இருந்தது. அது தானாக முளைக்கவில்லை, திட்டம் போட்டு வளர்த்தார்கள்.

1933 தொடக்கத்தில் ஹிட்லர் இளைஞர் அமைப்பில் சுமார் 1 லட்சம் பேர் இருந்தார்கள். அந்த வருடக் கடைசிக்குள் 20 லட்சத்தைத் தாண்டியது. 1937இல் 54 லட்சம், 1940இல் 72 லட்சம். 1936 டிசம்பரில் வந்த சட்டம் ஜெர்மன் இளைஞர் எல்லோரும் இந்த அமைப்புக்குள் என்று சொன்னது. 1939 மார்ச்சில் அது கட்டாயமாகவே ஆனது. பையன்களுக்கு நுழைவு வயது பத்து. ஜோஜோவின் வயது அங்கிருந்துதான் வருகிறது.

சேர்ந்தவுடன் ஒரு தேர்வு. 60 மீட்டரை 12 வினாடிக்குள் ஓட வேண்டும், நீளம் தாண்ட வேண்டும், பந்து எறிய வேண்டும், கட்சிப் பாட்டை ஒப்பிக்க வேண்டும். தேறினால் இடுப்பில் மாட்டிக்கொள்ள ஒரு கத்தி. அப்புறம் முகாம், கூடாரம், தீ மூட்டி அதைச் சுற்றிப் பாட்டு. பத்து வயதில் யாருக்குத்தான் பிடிக்காது?

படம் பிடித்திருக்கும் நரம்பு இதுதான். ஜோஜோ முதலில் யூதரை வெறுத்துவிட்டுக் கட்சியில் சேர்ந்தவன் இல்லை. சீருடைக்காகச் சேர்ந்தவன். கூட்டத்தில் ஒருவனாக இருக்கும் சுகத்துக்காகச் சேர்ந்தவன். வெறுப்பு அந்தச் சீருடையோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட சாமான்களில் ஒன்று. ஒரு காட்சியில் எல்சா இதை அவனிடம் நேராகவே சொல்லிவிடுகிறாள்: நீ நாஜி இல்லை, வேடிக்கையான உடையைப் போட்டுக்கொண்டு ஒரு சங்கத்தில் சேர ஆசைப்படும் பத்து வயதுப் பையன். பெருமையாக வைத்திருந்த கத்தியை முதல் சந்திப்பிலேயே அவனிடமிருந்து பிடுங்கிக்கொள்பவளும் அவள்தான்.

ஹிட்லர் 1938 டிசம்பரில் ரைஹன்பர்க் நகரத்தில் பேசிய ஒரு பேச்சு இருக்கிறது. பத்து வயதில் பையன்களை எடுத்துக்கொள்வோம், நான்கு வருடம் கழித்து அடுத்த அமைப்புக்கு மாற்றுவோம், அப்புறம் கட்சி, தொழிலாளர் படை, ராணுவம் என்று படி படியாகச் சொல்லிக்கொண்டே போய், ஆயுள் முழுக்க அவர்கள் இனி விடுபடவே மாட்டார்கள் என்று முடிக்கிறார். மறைத்துப் பேசியது இல்லை. மேடையில், கைதட்டலுக்கு நடுவே சொன்னது.

யூதருக்குக் கொம்பு, செதில் என்றெல்லாம் ஜோஜோ நம்புகிறானே, அதுவும் உண்மையா?

கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கியது. கொஞ்சம்தான். 1938இல் ‘விஷக் காளான்’ என்ற பெயரில் ஒரு படக்கதைப் புத்தகம் வந்தது. முதல் கதையில் அம்மாவும் பையனும் காட்டில் காளான் பறிக்கப் போகிறார்கள். எது சாப்பிடலாம், எது விஷம் என்று அம்மா காட்டிக் கொடுக்கிறாள். பேச்சு அப்படியே மனிதர்கள் பக்கம் திரும்புகிறது: நல்ல காளானைப் போலவே இருக்கும் விஷக் காளான் மாதிரி யூதர்களையும் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். கையில் கூடை, பக்கத்தில் அம்மா, சுற்றிலும் மரங்கள். இவ்வளவு இதமான ஓர் இடத்தில் கொண்டுபோய் அதை வைத்திருக்கிறார்கள்.

அதை வெளியிட்ட யூலியஸ் ஸ்ட்ரைகர் நியூரம்பர்க் போர்க்குற்ற விசாரணையில் தண்டிக்கப்பட்டு 1946 அக்டோபர் 16 அன்று தூக்கிலிடப்பட்டார். அவர் தன் கையால் யாரையும் கொன்றதாக வழக்கு இல்லை. அச்சடித்த வெறுப்புக்காகவே தூக்கு.

படத்தில் ஜோஜோவும் ஒரு புத்தகம் எழுதுகிறான். யூதர்களைப் பற்றிய ‘ரகசியங்களை’ எல்சாவிடமே கேட்டு எழுதுகிறான். அவளும் சளைக்காமல் அளந்து விடுகிறாள். எழுதுகிறவனுக்கே தெரியாமல் அது மெல்லக் காதல் புத்தகமாக மாறும் வேடிக்கையைச் சொன்னால் சுவை போய்விடும், பாருங்கள்.

‘ராபிட்’ என்று ஏன் பெயர்?

முகாமில் பெரிய பையன்கள் ஜோஜோ கையில் ஒரு முயலைக் கொடுத்துக் கழுத்தைத் திருகச் சொல்கிறார்கள். அவனால் முடியவில்லை. கீழே விட்டு, ஓடு ஓடு என்கிறான். முயல் நகரவில்லை. பெரியவன் எடுத்துத் திருகித் தூக்கி எறிகிறான். அன்றிலிருந்து பட்டப்பெயர். அந்த அவமானத்தைக் கழுவத்தான் அடுத்த காட்சியில் கையெறி குண்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான். எறிந்தது மரத்தில் பட்டுக் காலடிக்கே திரும்பி வருகிறது. முகத்தில் அந்தத் தழும்பு கடைசிவரை இருக்கும்.

இந்த முயலுக்கு ஒரு முன்னோர் உண்டு என்பது என் கட்சி. 1943 ஜனவரியில் டிஸ்னி நிறுவனம் ‘எஜுகேஷன் ஃபார் டெத்’ என்று ஒரு பத்து நிமிட கார்ட்டூன் வெளியிட்டது. ஹான்ஸ் என்ற ஜெர்மன் பையன் நாஜியாக வார்க்கப்படும் கதை. வகுப்பில் ஆசிரியர் நரி முயலைத் தின்னும் படத்தைப் போட்டுக் காட்டுகிறார். ஹான்ஸ் முயலுக்காகப் பரிதாபப்பட்டு மூலையில் நிற்க வைக்கப்படுகிறான். மற்ற பிள்ளைகள் ‘சரியான’ பதிலைச் சொல்வதைக் கேட்டுவிட்டு வந்து, முயலை வெறுக்கிறேன் என்று அவனும் சொல்கிறான். ஹான்ஸ் தேறிவிட்டான், ஜோஜோ தோற்றுவிட்டான். இயக்குநர் அதைப் பார்த்துத்தான் வைத்தார் என்று நான் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் முதுகுத்தண்டு சில்லென்று ஆகும்.

படம் முழுக்க ஷூவைக் காட்டுகிறார்களே, அது எதற்கு?

ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்ல முடியும் என்றால் இதைத்தான் எடுப்பேன்.

ஜோஜோவுக்கு ஷூ லேஸ் கட்டத் தெரியாது. அம்மாதான் குனிந்து கட்டிவிடுவாள். ஒரு முறை குறும்பாக அவன் இரண்டு ஷூ லேஸையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுகிறாள். ரோஸியின் காலில் இரட்டை நிறத்தில் அழகான ஒரு ஜோடி ஷூ. அவள் ஆடும்போது கேமரா அதன் மேல்தான் இருக்கும். ஆற்றங்கரையில் ஒரு சுவர் மேல் அவள் நடந்து போவாள். கீழே ஜோஜோ. அந்த ஷூ சரியாக அவன் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். நமக்கு எதுவும் உறைக்காது. அழகான காட்சி என்று கடந்து போவோம்.

அப்புறம் ஒரு நாள் நீல நிறப் பட்டாம்பூச்சி ஒன்றைப் பின்தொடர்ந்து ஊர்ச் சதுக்கத்துக்கு வருகிறான். குனிந்து அதையே பார்க்கிறான். எழுந்து நிற்கிறான். பக்கத்தில், முகத்துக்கு நேரே, அதே ஷூ. தரையில் இல்லை, தொங்குகிறது.

அம்மாவின் முகத்தைக் காட்டவே இல்லை. காட்ட வேண்டியதும் இல்லை. ஒரு ஷூவின் லேஸ் அவிழ்ந்திருக்கிறது. பையன் கட்டிவிடப் பார்க்கிறான். அவனுக்குக் கட்ட வராதே. விட்டுவிட்டு அந்தக் கால்களைக் கட்டிக்கொள்கிறான். பின்னால் இருக்கும் வீடுகளின் மாடி ஜன்னல்கள் பாதி மூடிய கண்கள் மாதிரி பார்த்துக்கொண்டிருக்கின்றன.

முன்பு இதே சதுக்கத்தில் தொங்கியவர்களைக் காட்டி, இவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்ட மகனுக்கு, தங்களால் முடிந்ததைச் செய்தார்கள் என்று பதில் சொன்னவள் ரோஸி. படத்தைப் பிள்ளையின் கண்மட்டத்தில் எடுக்கிறேன் என்று எத்தனையோ பேர் சொல்வார்கள். இங்கே கண்மட்டம் என்றால் அளவுகோலை வைத்து அளந்த கண்மட்டம். பெரியவர்களின் முகம் தெரியாத, கால்கள் மட்டும் தெரிகிற உயரம்.

கடைசியில் எல்சாவை வெளியே கூட்டிப்போகும் முன் ஜோஜோ குனிந்து அவள் ஷூ லேஸைக் கட்டிவிடுகிறான். இந்த முறை கட்ட வந்துவிடுகிறது.

ரோஸி போன்றவர்கள் நிஜத்தில் இருந்தார்களா?

குறைவு. ஆனால் இருந்தார்கள். ரோஸி ரகசியமாகத் துண்டுப் பிரசுரம் வைப்பதைப் பார்க்கும்போது மியூனிக்கில் நாஜிகளை எதிர்த்துத் துண்டுப் பிரசுரம் போட்ட மாணவர்களின் ‘வெள்ளை ரோஜா’ குழு ஞாபகம் வரும். அதில் இருந்த சோஃபி ஷோல், அவள் அண்ணன் ஹான்ஸ், இருவரும் 1943 பிப்ரவரி 22 அன்று கில்லட்டினில் வெட்டப்பட்டார்கள். சோஃபிக்கு வயது 21. இந்தப் படத்தோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: சிறுவயதில் அந்த அண்ணனும் தங்கையும் நாஜி இளையோர் அமைப்புகளில் ஆசை ஆசையாகச் சேர்ந்தவர்கள். அவர்களும் ஒரு காலத்தில் ஜோஜோக்கள்.

ஒளிந்து வாழ்ந்தவர்கள் கணக்கு: பெர்லினில் மட்டும் சுமார் 7,000 யூதர்கள் தலைமறைவானார்கள். பிழைத்தவர்கள் சுமார் 1,700 பேர். ‘நீர்மூழ்கிகள்’ என்று அவர்கள் தங்களுக்கே பெயர் வைத்திருந்தார்கள்.

கெஸ்டாபோ (நாஜி ரகசியப் போலீஸ்) வீட்டைச் சோதிக்கும் காட்சியில் எல்சா பிறந்த தேதியைச் சரியாகத்தானே சொன்னாள்?

இல்லை, தப்பாகச் சொன்னாள். இறந்துபோன அக்காவாக நடித்து அடையாள அட்டையைக் கொடுக்கிறாள். கேப்டன் தேதி கேட்கிறார். மே 1, 1929 என்கிறாள். சரி என்று தலையாட்டி அட்டையைத் திருப்பிக் கொடுக்கிறார். அவர்கள் போன பிறகு அவளே சொல்கிறாள், அட்டையில் இருப்பது மே 7. கேப்டன் வேண்டுமென்றே விட்டுவிட்டார்.

அதே காட்சியில் வந்தவர்களும் இருந்தவர்களும் ஒருவருக்கொருவர் ‘ஹைல் ஹிட்லர்’ சொல்லி முடிக்கவே ஒரு நிமிடம் ஆகிறது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வயிற்றில் பயம் இறங்கிவிடும். படத்திலேயே மிகக் கச்சிதமாக எழுதப்பட்ட காட்சி அது.

அப்படியானால் ‘நல்ல நாஜி’ என்று ஒருவரைக் காட்டி வெள்ளையடிக்கிறார்களா?

நியாயமான குற்றச்சாட்டுதான். கேப்டன் போரில் ஒரு கண் போனவர், தோல்வி நிச்சயம் என்று தெரிந்தவர், குடிகாரர். உதவியாளர் ஃபின்கெலோடு அவருக்கு இருக்கும் நெருக்கம் காதல்தான் என்று படம் ஜாடையாகச் சொல்கிறது. அந்த ஆட்சியில் அதுவே சிறைக்கும் வதைமுகாமுக்கும் போதுமான குற்றம். கடைசியில் ரஷ்யர்களிடம் மாட்டியதும், ஜோஜோவை யூதன் என்று திட்டித் துப்பித் துரத்தி அவன் உயிரைக் காப்பாற்றுகிறார். பையனின் சீருடைச் சட்டையை முதலில் கழற்றி எறிந்துவிட்டுத்தான். அடுத்து துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்கிறது.

எனக்கு நெருடுவது கேப்டன் இல்லை, ஊர். ஊரில் மற்றவர்கள் எல்லாம் ஏதோ வேடிக்கை மனிதர்களாகவே வந்து போகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரனைக் காட்டிக் கொடுத்துவிட்டு அவன் மேசை நாற்காலியை எடுத்து வைத்துக்கொண்ட சாதாரண ஆள் ஒருவன்கூடப் படத்தில் இல்லை. அவன் இருந்திருந்தால் சிரிப்பு வந்திருக்காது என்பது தெரியும். இருந்தாலும் அவன் இல்லாதது ஒரு குறை.

ஹிட்லரை வைத்துச் சிரிக்கலாமா?

இந்தக் கேள்வி படத்தைவிட மூத்தது. சாப்ளின் 1940இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே ‘தி கிரேட் டிக்டேட்டர்’ எடுத்தார். அவரும் ஹிட்லரும் 1889 ஏப்ரலில் நான்கு நாள் இடைவெளியில் பிறந்தவர்கள், மீசையும் ஒன்றே. ஆனால் வதைமுகாம்களில் நடந்தது முழுதாகத் தெரிந்திருந்தால் அந்தப் படத்தை எடுத்திருக்க முடியாது என்று பின்னாளில் தன் சுயசரிதையில் எழுதினார்.

வைட்டிட்டிக்கு எல்லாம் தெரிந்த பிறகுதான் படம். அதனால் முகாம்கள் பக்கமே அவர் போகவில்லை. ஜோஜோவுக்கு எட்டாத இடம் எதுவும் திரையில் இல்லை. இதைத் தப்பித்தல் என்பவர்கள் உண்டு. எனக்கு நேர்மையாகத்தான் படுகிறது. சிரிக்கத் தகாததைச் சிரிப்புக்குள் இழுத்துவராமல் வாசலிலேயே நிறுத்தியிருக்கிறார்.

நாவலும் படமும் ஒன்றா?

ரொம்பத் தூரம். நாவல் நடப்பது வியன்னாவில். அங்கே கற்பனை ஹிட்லரும் இல்லை, காமெடியும் இல்லை. கதை போரோடு நிற்பதில்லை. போர் முடிந்த பிறகும், ஜெர்மனி ஜெயித்துவிட்டது என்று பொய் சொல்லி எல்சாவை வருடக்கணக்கில் அடைத்து வைக்கிறான். காப்பாற்றியவன் சிறைக் காவலன் ஆகிவிடுகிறான்.

படத்தில் அந்தப் பொய் சில நிமிடங்களுக்குச் சுருங்கிவிட்டது. யார் ஜெயித்தார்கள் என்று எல்சா கேட்கிறாள். அவள் போய்விடுவாளே என்ற பயத்தில் ஜெர்மனி என்கிறான். அவள் முகம் இடிந்து விழுவதைப் பார்த்து உடனே மனம் மாறுகிறான். நாவலைப் படித்தவர்களுக்கு அந்தச் சில நிமிடங்கள் வேறு கனத்தோடு இருக்கும்.

சிறுவர்களைச் சண்டைக்கு அனுப்பியது மிகையா?

இல்லை. 1944 செப்டம்பர் ஆணைப்படி ‘ஃபோல்க்ஸ்ஷ்டுர்ம்’ என்ற மக்கள் படைக்கு 16 முதல் 60 வயது வரை ஆண்களை இழுத்தார்கள். நடைமுறையில் அதற்கும் கீழே போனது. 1945 மார்ச்சில் எடுத்த செய்திப்படத்தில், பெர்லினில் தன் அலுவலகத் தோட்டத்தில் வரிசையாக நிற்கும் சிறுவர்களுக்குப் பதக்கம் கொடுத்துக் கன்னத்தில் தட்டுகிறார் நிஜ ஹிட்லர். அதில் ஒருவனுக்கு வயது 12. கற்பனை ஹிட்லரின் தட்டிக் கொடுத்தலைப் பார்த்துச் சிரித்தவர்கள் அந்தச் செய்திப்படத்தையும் ஒரு தடவை பார்க்கலாம்.

நாஜிக் கதையில் பீட்டில்ஸ் பாட்டா?

தொடக்கத்தில் ஹிட்லருக்குக் கை நீட்டி அலறும் கூட்டத்தின் பழைய காட்சிகள் ஓடும்போது, பீட்டில்ஸ் 1964 ஜனவரியில் பாரிஸில் ஜெர்மன் மொழியிலேயே பதிவு செய்த பாட்டு ஒலிக்கிறது. ரசிகர் வெறியும் கட்சி வெறியும் பார்க்க ஒரே மாதிரி என்பதற்கு வேறு வசனம் தேவைப்படவில்லை. கடைசியில் டேவிட் போவியின் 1977 பாட்டு, அதுவும் ஜெர்மன் வடிவம்.

வண்ணமும் அப்படித்தான். போர்ப்படம் என்றால் சாம்பலும் சேறும் என்று பழகிய கண்ணுக்கு இந்தப் பச்சையும் மஞ்சளும் ஆச்சரியமாக இருக்கும். செக் நாட்டின் ஜாடெட்ஸ், ஊஷ்டெக் போன்ற பழைய ஊர்களில் எடுத்தது. உலகம் பளபளப்பாக இருப்பது ஜோஜோவின் பார்வை. கடைசிச் சண்டை வரும்போதுதான் சாம்பல் நிறம் வருகிறது.

விருது?

டொரண்டோ திரைவிழாவில் 2019இன் மக்கள் தேர்வு விருது. ஆஸ்கரில் ஆறு பரிந்துரை, கிடைத்தது ஒன்று: தழுவல் திரைக்கதை. அந்த விருதை உலகெங்கும் கலை செய்ய ஆசைப்படும் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு என்று சொல்லி வாங்கினார் வைட்டிட்டி.

பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

அமெரிக்காவில் 13 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கவனம் தேவை என்ற சான்றிதழ். தூக்கு, கத்திக்குத்து, கையெறி குண்டு எல்லாம் உண்டு, ஆனால் ரத்தத்தைக் காட்டி மிரட்டுவதில்லை. பன்னிரண்டு வயதான என் அக்கா மகனோடு உட்கார்ந்து பார்த்தேன். முதல் அரை மணி நேரம் ஹிட்லர் வரும்போதெல்லாம் அவனுக்குக் குஷி. “இவர் நல்லவரா மாமா?” என்று கேட்டான். அப்போதே நிறுத்தி விளக்கியிருக்கலாம், செய்யவில்லை. ஷூ காட்சியில் அவனே ரிமோட்டை எடுத்து நிறுத்தினான். அன்றைக்கு மீதிப் படம் ஓடவில்லை. மறுநாள் அவனே கேட்டுப் பார்த்தான்.

தனியாகப் பார்க்க விடாதீர்கள். யூதர் யார், அவர்களுக்கு என்ன நடந்தது என்பதைப் படம் சொல்லித் தராது. தெரிந்தவர்களுக்காக எடுத்த படம் இது.

சரி, யார்க்கிக்கு என்ன ஆச்சு?

எல்லோரும் கடைசியில் கேட்பது இதைத்தான். கண்ணாடி போட்ட அந்தக் குண்டுப் பையன் படம் முழுக்கச் சாகாமல் தப்பித்துக்கொண்டே இருப்பான். காகிதம் மாதிரி ஏதோ ஒரு துணியில் தைத்த சீருடையைக் கொடுத்து அவனைப் படைவீரன் ஆக்கிவிடுவார்கள். தோளில் இருந்த ராக்கெட் ஆயுதத்தைத் தவறுதலாகக் கீழே போட்டு ஒரு கட்டடத்தையே தகர்ப்பான். ஹிட்லர் செத்துவிட்டார், நம்மிடம் நிறைய மறைத்திருக்கிறார்கள், என்னென்னவோ செய்திருக்கிறார் என்று ஜோஜோவுக்குச் செய்தி சொல்பவனும் அவன்தான்.

போர் முடிந்த அன்று இடிபாடுகளுக்கு நடுவே இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். பிறகு யார்க்கி கிளம்புவான். வீட்டுக்குப் போய் அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போவான். ஜோஜோ அங்கேயே நிற்பான்.